ஆச்சேயில் காலரா வரவில்லை, டெட்டனஸ் வந்தது

2004 சுனாமிக்குப் பின் இந்தோனேசியாவின் ஆச்சேயில் காலரா பெரிதாகப் பரவாததைத் தடுப்புப் பணியின் வெற்றி என்று நோய்ப் பரவல் பற்றிய உங்கள் தொடர் கட்டுரை சொல்கிறது. சரிதான். ஆனால் டெட்டனஸைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே?

அலை இழுத்துச் சென்றவர்களை மரக்கட்டையும் தகரமும் கிழித்திருந்தன, காயத்துக்குள் சேறு புகுந்திருந்தது. டெட்டனஸ் கிருமி இருப்பது மண்ணில்தான். (துருப்பிடித்த ஆணியால் வரும் நோய் என்று நாமெல்லாம் நம்புகிறோம், துருவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.) தொற்று உள்ளே போய் ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துத்தான் தாடை இறுகும். அதனால் ஜனவரி நடுவில் நோயாளிகள் வந்து குவிந்தார்கள். ஜனவரி இறுதிக்குள் 106 பேர், அதில் 20 பேர் இறந்தார்கள். பண்டா ஆச்சேயின் பெரிய அரசு மருத்துவமனையே சேற்றில் மூழ்கியிருந்த நேரம் அது. டெட்டனஸுக்கு வாரக்கணக்கில் தீவிர சிகிச்சை வேண்டும், சிலருக்கு வென்டிலேட்டரும் வேண்டும்.

இன்னொன்று, அழுக்குக் காயத்தை அவசரத்தில் தைத்து மூடிவிடக் கூடாது. நன்றாகக் கழுவி, செத்த தசையை வெட்டி எடுத்து, சில நாள் திறந்தே வைத்து, அப்புறம்தான் தைக்க வேண்டும். கூட்டம் நெருக்கும் முகாமில் இதற்குப் பொறுமை இருப்பதில்லை.

டெட்டனஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. அதனால்தான் "நோய்ப் பரவல்" என்ற தலைப்புக்குள் இது விட்டுப்போகிறது என்று நினைக்கிறேன். அடுத்த பாகத்தில் காயச் சிகிச்சையைப் பற்றியும் எழுதுங்கள்.