குதிக்கக் கத்துக்குடுத்துட்டு குளத்துல தள்ளி விடுறீங்களே!

பிளாட்ஃபார்ம் கேம் நம்மகிட்ட எதிர்பாக்குறது ஒண்ணுதான்: சரியா ஓடி, சரியா குதிக்கணும். எந்த இடத்துல பட்டனை அழுத்தணும், எவ்வளவு நேரம் பிடிச்சா எவ்வளவு உயரம் போகும், இதெல்லாம் ஆடத் தொடங்கின கொஞ்ச நேரத்துலயே விரலுக்குப் பழகிடும். அப்படிப் பழகின விரலைத் திடீர்னு ஒரு தண்ணி லெவலுக்குள்ள இறக்கி, இதுவரைக்கும் கத்துக்கிட்டது எதுவும் இங்க செல்லாதுன்னு சொன்னா வயிறு எரியாதா? 1985லேர்ந்து இந்த அநியாயம் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு.

சூப்பர் மாரியோ பிரதர்ஸ்ல 2-2ஐ, அதாவது ரெண்டாவது உலகத்தோட ரெண்டாவது லெவலை எடுத்துக்கோங்க. நிலத்துல குதிக்க வைக்கிற ஏ பட்டன் இங்க நீச்சலடிக்க, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வீச்சு மேல போவோம். பி பட்டனைப் பிடிச்சு வேகமா ஓடுற வித்தை தண்ணிக்குள்ள கிடையாது. எதிரி தலையில ஏறி மிதிக்கிறதுதான் அந்த கேமோட உயிரே. ஆனா தண்ணிக்குள்ள ப்ளூப்பர்ங்கிற அந்த வெள்ளைக் கணவாய் தலையில விழுந்தீங்கன்னா அடி உங்களுக்குத்தான். நெருப்பு வீசுற சக்தி தர்ற நெருப்புப் பூ கையில இருந்தா சுடலாம், இல்லைன்னா விலகிப் போறதைத் தவிர வேற வழியே இல்ல. போதாததுக்கு தரையில இருக்குற பள்ளங்கள் கிட்டப் போனா கீழ உறிஞ்சி இழுக்கும். அங்க போய்த் தட்டிக்கலாம்னு விட்டா முடிஞ்சது கதை. பள்ளம் கண்ணுல பட்டதுமே உயரம் ஏறிடணும், இழுப்பைத் தாண்டுற வரைக்கும் விடாம தட்டிக்கிட்டே இருக்கணும். இதே வரைபடத்தை 7-2ல எதிரிகளை மட்டும் கூட்டித் திரும்பக் குடுத்திருக்காங்க. அந்த கேம்ல ஒரு பிழையால திறக்குற மைனஸ் உலகமும் தண்ணி லெவல்தான். கடைசிக் குழாய்க்குள்ள போனா மறுபடி ஆரம்பத்துக்கே கொண்டு வந்து விடும், வெளிய வர வழியே கிடையாது.

தட்டித் தட்டி நீந்துறது ஏன் இவ்வளவு எரிச்சலா இருக்குன்னு கணக்காவே பாக்கலாம். திரையில ஓடுற ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம், படத்தோட ஒவ்வொரு புள்ளியும் ஒரு பிக்சல். ஒரு தட்டுக்கு ஃபிரேமுக்கு 2 பிக்சல் மேல்நோக்கி வேகம், கீழ இழுக்குற இழுப்பு அந்த வேகத்தை ஒவ்வொரு ஃபிரேம்லயும் 0.0625 குறைக்குதுன்னு வச்சுக்கோங்க. ஒரு தட்டுல 32 பிக்சல் ஏறுவீங்க, அதுக்கு 32 ஃபிரேம் ஆகும். திரும்ப அதே இடத்துக்கு இறங்க இன்னொரு 32. நொடிக்கு 60 ஃபிரேம் ஓடுற கேம்ல ஒரே ஒரு தட்டு ஒரு நொடிக்கு மேல உங்களைக் கட்டிப் போட்டுடுது. இப்போ பயத்துல ரெண்டு தட்டு அடுத்தடுத்துத் தட்டினா? நிரல்ல பழைய வேகத்தோட புது வேகத்தைக் கூட்டுற மாதிரி எழுதியிருந்தா 4 பிக்சல் வேகம் ஆயிடும். உயரம் வேகத்தோட வர்க்கத்துல வளரும். அதனால ரெட்டிப்பு இல்ல, நாலு மடங்கு: 128 பிக்சல். இந்த கேம் ஓடுற நின்டெண்டோவோட பழைய கேம் பெட்டி என்இஎஸ்ஸோட திரை மொத்தமே 240 பிக்சல் உயரம்தான்! நூலிழை சந்துல நுழையப் பாத்தவன் கூரையில போய் முட்டுறான். தப்பு ஆடுறவனோட கையில இல்ல. வேகத்தைக் கூட்டாம, ஒவ்வொரு தட்டுக்கும் அதே 2ன்னு புதுசா வச்சிருந்தா இந்தத் தொல்லையே இல்ல. நிரல்ல ஒரே ஒரு வரி மாத்தம் அது.

மின்னல் வேகத்துல ஓடுற முள்ளெலி சோனிக் விஷயத்துக்கு வந்தா கோவம் இன்னும் ஏறுது. 1991ல வந்த முதல் கேம்ல லேபிரிந்த் ஸோன்னு ஒரு தண்ணி லெவல். வேகம்தான் இந்தக் கேமோட ஒரே பெருமை, அதைத்தான் முதல்ல பிடுங்குறாங்க. சோனிக்குக்கு நீந்தத் தெரியாது, அடியில நடப்பான். நிலத்துல ஃபிரேமுக்கு 6 பிக்சல் உச்ச வேகம், தண்ணிக்குள்ள 3. முடுக்கமும் பாதி. குதிக்கிற வேகம் 6.5லேர்ந்து 3.5க்கு இறங்கும், புவியீர்ப்பு 0.21875லேர்ந்து 0.0625க்கு இறங்கும். இந்தக் கடைசி நாலு எண்ணையும் வச்சுக் கணக்குப் போட்டா ஒரு உண்மை தெரியும். நிலத்துல அவன் குதிக்கிற உயரம் சுமார் 97 பிக்சல், தண்ணிக்குள்ள 98. உயரம் கிட்டத்தட்ட மாறவே இல்ல! ஆனா உச்சிக்குப் போக நிலத்துல 30 ஃபிரேம், தண்ணிக்குள்ள 56. ஏறி இறங்க அங்க ஒரு நொடி, இங்க ரெண்டு நொடிக்குக் கொஞ்சம் கம்மி. அதாவது தண்ணி உங்க குதிப்பைத் தொடல, நேரத்தைத் திருடுது. அப்படி நேரத்தைத் திருடிட்டு அதுக்கு மேல ஒரு கடிகாரத்தையும் வைக்கிறாங்க: மூச்சுக்கு 30 நொடி. 25, 20, 15 நொடி மீதி இருக்கும்போது மணிச் சத்தம். 12 நொடி மீதி இருக்கும்போது அந்தக் கொலைகார இசை ஆரம்பிச்சு, தலைக்கு மேல 5லேர்ந்து எண் இறங்கும். அந்த 12 நொடியில முழு உயரத்துக்கு ஆறு தடவை குதிக்கலாம், அவ்வளவுதான். கையில நூறு வளையம் இருந்தாலும் மூச்சு முட்டினா செத்தீங்க. அடிபட்டா காப்பாத்துற வளையம் மூச்சுக்கு உதவாதுன்னு எந்த இடத்துலயும் சொல்லவும் மாட்டாங்க.

சரி, தரையிலேர்ந்து வர்ற காத்துக் குமிழியைப் பிடிக்கலாம்னு போனா, சின்னக் குமிழி எதுவும் கணக்குல சேராது. பெரிய குமிழி வர்ற வரைக்கும் ஓட்டை மேல காவல் நிக்கணும். ஓடுறதுக்காகவே செஞ்ச கேம்ல, சாவு இசை ஒலிச்சுக்கிட்டிருக்கும்போது, ஒரு இடத்துல அசையாம நிக்க வைக்கிறாங்களே, இதை யாருமே தடுக்கலையா? குமிழியைப் பிடிச்சதும் அவன் ஓட்டம் அப்படியே நின்னுடும், அந்த நேரம் பாத்து ஈட்டி குத்தும். ஆடுறவங்களுக்கு ஒரு உருப்படியான தகவல்: பாதி உடம்பு தண்ணிக்கு வெளிய ஒரு கணம் வந்துட்டாலே மூச்சு மறுபடி 30க்குப் போயிடும். மேல்மட்டம் பக்கத்துல இருந்தா குமிழிக்கு ஏங்காம ஒரு குதி குதிச்சு எட்டிப் பாத்துட்டு இறங்குங்க.

1989ல என்இஎஸ்ஸுக்கு வந்த டீனேஜ் மியூட்டன்ட் நிஞ்சா டர்ட்டில்ஸ்ல அணைக்கட்டு லெவல் இருக்கு. அதைப் பத்தி நிதானமா எழுத முடியல. செயலிழக்க வைக்க எட்டு குண்டு, மொத்தம் 2 நிமிஷம் 20 நொடி. ஒரு குண்டுக்குப் பதினேழரை நொடி, போற தூரத்தையும் சேத்து. மின்சாரம் பாயுற பாசி வளந்திருக்குற ஒடுக்கமான சந்துக்குள்ள தட்டித் தட்டி நீந்தணும். தட்டாட்டி மூழ்கும், கூடத் தட்டினா மேல இருக்குற பாசியில இடிக்கும். கேமோட நாயகனுங்களே நாலு ஆமைங்க! பிறவியிலேயே நீந்துற உயிருக்கு நீச்சல் வராத மாதிரி செஞ்சு வச்சிருக்காங்க. அங்க தப்பிக்க ஒரே வழி, உயிர் குறையக் குறைய ஆமையை மாத்திக்கிட்டே போறது. ஒருத்தனையே நம்பி உள்ள போகாதீங்க.

முப்பரிமாணத்துக்கு வந்ததும் நோய் வேற இடத்துல முளைச்சுது. சூப்பர் மாரியோ 64ல, 1996, நிலத்துல ஸ்டிக்கை முன்னாடி தள்ளினா மாரியோ முன்னாடி போவான். தண்ணிக்குள்ள அதே தள்ளு மூக்கைக் கீழ இறக்கும், விமானம் ஓட்டுற மாதிரி. மாத்திக்க அமைப்பும் கிடையாது. ஆழத்துல பெட்டியைத் திறக்கப் போகும்போது மூளை ஒண்ணு சொல்லும், கட்டைவிரல் இன்னொண்ணு பண்ணும். ஏ பட்டனைப் பிடிச்சே இருந்தா காலை மட்டும் உதறி மெதுவாப் போவான். ஒரு வீச்சு முடியுற தருணத்துல அடுத்ததைத் தாளத்தோட அழுத்தினாத்தான் வேகம். இது தெரியாமலே எத்தனை பேர் அந்த கேமை முடிச்சிருப்பாங்க! உயிருக்கும் மூச்சுக்கும் ஒரே எட்டுத் துண்டு மீட்டர். மேல வந்தா நிரம்பும், அது நல்ல யோசனை, ஒத்துக்கிறேன். ஆனா ஒரு அடி வாங்கினா மூச்சும் சேந்து குறையும். அடியில கிடக்குற நாணயம் மீட்டரை ஏத்தும்ங்கிறதால, ஆழத்துக்குப் போற வழியில இருக்குற நாணயத்தை முதல்லயே வழிச்சு எடுக்காம திரும்பி வரும்போதுக்கு விட்டு வைங்க.

பான்ஜோ-கஸூயி, 1998. ரஸ்டி பக்கெட் பே துறைமுகத்துல எண்ணெய் கலந்த தண்ணி. அங்க தலை வெளிய இருந்தாலும் மூச்சு குறையும், மூழ்கினா இன்னும் வேகமாக் குறையும். மேல வந்தா காத்து கிடைக்கும்ங்கிற நம்பிக்கையை அதே கேம்தான் பல உலகம் தாண்டி வளத்துச்சு. அதே கேமே அந்த நம்பிக்கையை உடைக்குது. கஷ்டம் வேணும்னா வைங்க, வேண்டாம்னு சொல்லல. குடுத்த வாக்கை மீறாதீங்க.

இதுக்கெல்லாம் விடை தெரியாம இல்லையே, அதுதான் ஆத்திரம். சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3ல தவளை உடுப்பு இருக்கு. 1988! அதைப் போட்டா எந்தத் திசையை அழுத்துறோமோ அந்தத் திசையில நேரா நீந்துவான். கையை எடுத்தா மூழ்காம அங்கயே நிப்பான். தண்ணி ஒரு தண்டனையா இல்லாம விளையாடுற இடமா மாறின அந்தக் கொஞ்ச நேரத்தை, எப்பவாவது கிடைக்குற ஒரு பொருளுக்குள்ள பூட்டி வச்சாங்க. நிலத்துக்கு வந்தா அந்த உடுப்போட தத்தித் தத்தித்தான் போகணும், அதனால யாரும் ரொம்ப நேரம் வச்சுக்கவும் மாட்டாங்க. அதே 1988ல மெகா மேன் 2ல பபிள் மேன்ங்கிற தண்ணி லெவல். அங்க குதிப்பு குதிப்பாவே இருக்கு, உயரம் மட்டும் கூடுது. கூரையில முள், பட்டா உடனே சாவு. கொடூரம்தான், ஆனா நியாயமான கொடூரம்: அதே பட்டன், அதே செயல், ஆபத்து கண்ணுக்கு முன்னாடி. பட்டனைச் சுருக்கமாத் தட்டினா தாழக் குதிக்கலாம், கத்துக்கிட்ட வித்தை வீணாகல. 2011ல ரேமேன் ஆரிஜின்ஸ் மூச்சுக் கணக்கே இல்லாம, ஸ்டிக் சாயுற பக்கமெல்லாம் வழுக்கிட்டுப் போற நீச்சலைக் குடுத்துச்சு. 2020ல வந்த ஓரி அண்ட் தி வில் ஆஃப் தி விஸ்ப்ஸ்ல தண்ணிக்குள்ள பாய்ஞ்சு, அந்த வேகத்தோட மேல்மட்டத்தைக் கிழிச்சுக்கிட்டு வானத்துக்குப் போகலாம். நிலத்துல இல்லாத ஒரு சுகத்தைத் தண்ணி குடுக்குது. இவ்வளவு நாள் கேட்டது அதைத்தானே?

கடைசியா கரையேறுறது. இதைச் சரியாச் செய்யாத கேம்தான் அதிகம். உருவத்தோட நடுப்புள்ளி நீர்மட்டக் கோட்டுக்கு மேல போனதும் நில விதி, கீழ வந்ததும் தண்ணி விதி. மேல வந்தா இழுப்பு கடுமையாகிக் கீழ தள்ளும், கீழ வந்தா மிதப்பு மேல தள்ளும். கோட்டுலயே நின்னு உருவம் நடுங்கும். அந்த நடுக்கத்துல உள்ள இருக்குற ஃபிரேம்ல பட்டன் விழுந்தா சின்ன வீச்சு, வெளிய இருக்குற ஃபிரேம்ல விழுந்தா ஒண்ணுமே நடக்காது. ஏன்னா கணக்குப்படி அவன் அந்தரத்துல இருக்கான், அந்தரத்துல குதிக்க முடியாது. கரை முட்டி உயரத்துல இருக்கும், ஏற முடியாம பத்து தடவை தொப்பு தொப்புனு விழுவோம், பின்னாலயே மீன் வந்து கடிக்கும். சூப்பர் மாரியோ வேர்ல்ட்ல மேல் அம்பைப் பிடிச்சுக்கிட்டு பி பட்டனை அழுத்தினாத்தான் வெளிய பாய்வான், அது தெரியாதவங்க மேல்மட்டத்துலயே தவிப்பாங்க. சோனிக்ல இது ஒண்ணை மட்டும் கவனிச்சுச் செஞ்சிருக்காங்க: தண்ணியை விட்டு வெளிய வரும்போது மேல்நோக்கின வேகத்தை ரெட்டிப்பாக்குவாங்க, குதிப்பு பாதியில சாகாது.

கேம் செய்றவங்க யாராவது படிச்சா, நீர்மட்டத்துக்கு மேலயும் கீழயும் 8 பிக்சலுக்கு ஒரு தனிப் பட்டை வைங்க. அதுக்குள்ள இருக்கும்போது இழுப்பு, மிதப்பு ரெண்டையும் அணைச்சுட்டு உருவத்தைக் கோட்டோட ஒட்ட வைங்க. பட்டைக்குள்ள எந்த ஃபிரேம்ல பட்டன் விழுந்தாலும் முழு நிலக் குதிப்பு குடுங்க. பட்டைக்குள்ள வர்றதுக்கு 6 ஃபிரேம் முன்னாடி அழுத்தியிருந்தாலும் ஞாபகம் வச்சு, உள்ள வந்ததும் குதிக்க விடுங்க. அதைச் செஞ்சுட்டு, எதிரியையும் மூச்சு மீட்டரையும் எடுத்துட்டு, வெறுங்குளத்துல கேம் ஆடவே தெரியாத ஒருத்தரை இறக்கி விட்டு, அவர் முதல் தடவையிலேயே கரையேறுறாரான்னு பாருங்க. ஏறலைன்னா அந்தக் குளத்துல இன்னும் மீனை விடாதீங்க.