கிருஷ்ணய்யர் ஜட்ஜ் ஆகுறதுக்கு முன்னாடி எம்எல்ஏவா இருந்தாரு

நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் பத்தி யார் எழுதினாலும் நேரா 1975 ஜூன் 24க்குப் போயிடுறாங்க. இந்திரா காந்தி ஜெயிச்ச தேர்தல் செல்லாதுன்னு அலகாபாத் ஹைகோர்ட் சொன்ன தீர்ப்புக்கு நிபந்தனையோட ஸ்டே கொடுத்தாரு, பிரதமரா தொடரலாம் ஆனா லோக்சபால ஓட்டு போடக்கூடாதுன்னாரு, மறுநாளே எமர்ஜென்சி, அவ்ளோதான் கதை. எனக்கு இதுல ரொம்ப ஆதங்கம். அந்த மனுஷன் தலச்சேரி கோர்ட்ல வக்கீல், அப்புறம் எம்எல்ஏ, அப்புறம் மந்திரி. அந்த வருஷங்களை விட்டுட்டு அவர் தீர்ப்பைப் படிச்சா பாதிதான் புரியும்.

பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், அப்பாவும் வக்கீல். அண்ணாமலை யுனிவர்சிட்டி, அப்புறம் மெட்ராஸ்ல சட்டம். 1930கள் கடைசில தலச்சேரில பிராக்டிஸ் ஆரம்பிச்சு மலபார் குத்தகை விவசாயிங்க, தொழிலாளிங்க, கம்யூனிஸ்ட்டுங்கன்னு யார் கேஸை எடுக்க மத்தவங்க யோசிப்பாங்களோ அவங்களுக்கு ஆஜரானாரு. 1948ல கம்யூனிஸ்ட்டுகளுக்கு உதவுறாருன்னு அவரையே பிடிச்சு ஒரு மாசம் போல உள்ள வச்சாங்க. ஜெயில் எப்படி இருக்கும்னு கட்சிக்காரர் சொல்லி மட்டும் தெரிஞ்சவர் இல்ல அவரு.

1952ல கூத்துபரம்பால சுயேச்சையா ஜெயிச்சு வந்து உட்கார்ந்தது நம்ம மெட்ராஸ் சட்டசபைல. வட கேரளாவான மலபார் அப்ப மெட்ராஸ் மாநிலத்துல இருந்துச்சு, ராஜாஜி முதலமைச்சர். இதை நம்ம ஊர்லயே யாரும் சொல்றதில்ல. அப்புறம் கேரளா தனி மாநிலமாச்சு, 1957ல தலச்சேரில கம்யூனிஸ்ட் ஆதரவோட திரும்ப சுயேச்சையா ஜெயிச்சு கம்யூனிஸ்ட் முதலமைச்சர் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் மந்திரிசபைக்குப் போனாரு. சட்டம், ஜெயில், மின்சாரம், நீர்ப்பாசனம்னு கை நிறைய இலாகா. பதவியேத்து ஒரு வாரம்கூட ஆகல, குத்தகைக்காரங்களை நிலத்தை விட்டு வெளியேத்தக் கூடாதுன்னு அவசரச் சட்டம் வந்துச்சு. வருவாய் மந்திரி கே.ஆர்.கௌரி, அவங்களும் வக்கீல். ஒவ்வொரு விவசாயிக்கா கோர்ட்ல நின்னு ஸ்டே வாங்கின ஆளு, மாநிலம் முழுக்க ஒரே நாள்ல வெளியேத்துறது நிக்கிறதை மந்திரிசபைல உட்கார்ந்து பார்த்திருக்காரு, அது ஒரு வக்கீலை என்ன பண்ணியிருக்கும்னு நான் நிறைய தடவை யோசிச்சிருக்கேன்.

1959 ஜூலை 31ல ஆட்சியைக் கலைச்சுட்டாங்க. 1960 தேர்தல்ல வெறும் 7 ஓட்டுல தோத்து, வழக்கு போட்டு சீட்டைத் திரும்ப வாங்கினாரு. 1965ல தோல்வி, அதோட தேர்தல் முடிஞ்சுது.

1968ல கேரளா ஹைகோர்ட், 1973ல சுப்ரீம் கோர்ட். அரசியல்வாதியைப் போய் ஜட்ஜ் ஆக்குறதான்னு பம்பாய் வக்கீல்கள் சிலர் எதிர்த்தாங்க. அந்தப் பயம் நியாயமான பயம்தான், கட்சி விசுவாசத்தோட வர்ற ஜட்ஜ் ஆபத்து, இதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல. ஆனா இவர் கொண்டுவந்தது ஜெயில் இலாகாவை நடத்தின அனுபவம். 1978ல சுனில் பத்ரா கேஸ், தூக்குத்தண்டனைக் கைதியைத் தனிமைச் சிறைல அடைக்கிறது சம்பந்தமா, கூடவே சார்லஸ் சோப்ராஜோட கால் விலங்கு கேஸும். ஜட்ஜுகளே திகார் ஜெயிலுக்குப் போய்ப் பார்த்தாங்க. அடுத்து அதே பத்ரா, ஒரு வார்டன் இன்னொரு கைதியைச் சித்ரவதை பண்ணதா ஜெயில்ல இருந்து ஒரு லெட்டர் எழுத அதையே மனுவா எடுத்துக்கிட்டாங்க.

ஒரு குறை சொல்லியே ஆகணும். அவர் இங்கிலீஷ் ரொம்பக் கடினம். ஏழைக்காக எழுதின தீர்ப்பை டிக்‌ஷனரி வச்சுக்கிட்டுப் படிக்கவேண்டி இருக்கறது எனக்கு வருத்தம்தான்.

என்னை ரொம்பப் பாதிச்சது மோதிராம் கேஸ், அதுவும் 1978. கொத்தனார் ஒருத்தர். சுப்ரீம் கோர்ட்டே ஜாமீன் கொடுத்தும் கீழ் கோர்ட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டுச்சு, அவரோட அண்ணன்தம்பி ஜாமீன் நிக்க வந்தா சொத்து வேற மாவட்டத்துல இருக்குன்னு ஏத்துக்கல. கிருஷ்ணய்யர் அதைக் கிழிச்சுத் தொங்கவிட்டாரு, தொகையையும் 1,000 ரூபாயாக் குறைச்சாரு.

இன்னைக்கும் நம்ம சட்டசபைகள்ல வக்கீல் எம்எல்ஏக்கள் நிறையப் பேர் இருக்காங்க, அடுத்த எலக்‌ஷன்ல சீட் கேக்கப்போற வக்கீல் நண்பர்கள் என் லிஸ்ட்லயே இருக்கீங்க. உங்க தொகுதி சப்ஜெயில்ல, ஜாமீன் கிடைச்சும் கையெழுத்து போட ஆளில்லாம எத்தனை பேர் உள்ள இருக்காங்கன்னு விசாரிச்சிருக்கீங்களா? விசாரிச்சவங்க கமெண்ட்ல சொல்லுங்க, அதுக்கு என்ன பண்ணலாம்னு பேசலாம்.