அழாக்குறையாகப் பேசினால் என்ன?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். அமெரிக்க வரிப் பேச்சு வந்ததும் ஒருவர் எழும்பி, "அந்த அழுகுணி ஃப்ரீலாண்டைப் பேச அனுப்பினால் இப்படித்தான்" என்றார். கனடாவின் முன்னாள் அமைச்சர் கிறிஸ்டியா ஃப்ரீலாண்டைத்தான் சொன்னார். மண்டபமே சிரித்தது. இரண்டு நாளாக எனக்கு அது ஆறவில்லை.

ஃப்ரீலாண்ட் எங்கே அழுதார் என்று சிரித்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2016 அக்டோபர், பெல்ஜியத்தின் நமூர் நகரம். கனடா ஏழு வருடமாகப் பேசிப் பேசிக் கொண்டுவந்த ஐரோப்பிய வர்த்தக ஒப்பந்தத்துக்கு அந்த நாட்டின் வலோனியா என்ற ஒரே ஒரு பிராந்தியம் குறுக்கே நின்றது. அப்போது வர்த்தக அமைச்சராக இருந்த அவர் பேச்சிலிருந்து வெளியே வந்து அழாக்குறையாகப் பேசினார். அதே மாதம் 30ஆம் திகதி பிரஸ்ஸல்ஸில் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. குரல் உடைந்தது, வேலை நிற்கவில்லை. நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

2018 இன்னும் கடினம். ஜூன் 1 அன்று ட்ரம்ப் எங்கள் உருக்குக்கு 25 சதவீதம், அலுமினியத்துக்கு 10 சதவீதம் வரி போட்டார், தேசப் பாதுகாப்பு என்று காரணம் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரனை எதிரி என்பது போல. கனடா ஜூலை 1 அன்று 16.6 பில்லியன் கனேடிய டாலர் பெறுமதியான அமெரிக்கப் பொருள்களுக்குப் பதில் வரி போட்டது. உருக்கிலிருந்து கெச்சப் வரை அதில் இருந்தது. அப்போது வெளியுறவு அமைச்சர் அவர்தான். நாஃப்டா என்ற வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தைத் திருத்தும் பேச்சில், தகராறு தீர்க்கும் 19ஆம் அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டும் என்று அமெரிக்கா நெருக்கியும் விட்டுக்கொடுக்கவில்லை. செப்டம்பர் 30 இரவு உடன்பாடு வந்தபோது அது புது ஒப்பந்தத்திலும் இருந்தது.

"பதில் வரியைக் கட்டியது யார், நாங்கள்தானே" என்று கேட்பீர்கள். ஆம், நாங்கள்தான். அது எனக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். அந்த வருடம் நான் ஒரு சிறிய தகட்டுப் பட்டறையில் கணக்குப் பார்த்தேன். தகடு எல்லைக்கு அப்பாலிருந்து வரும். எல்லையில் 25 சதவீதத்தைக் கட்டியது அமெரிக்கா இல்லை, எங்கள் முதலாளி, அந்த ரசீது வந்தது என் மேசைக்கு. ஆகஸ்டில் மூன்று பேரை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதத்தைத் தட்டச்சு செய்ததும் நான்தான். கழிப்பறைக்குள் போய் அழுதேன். யாரோ பார்த்துவிட்டு, "இப்படி அழுகிறவளிடம் கணக்கைக் கொடுத்தால் உருப்படுமா" என்று சொன்னது அன்று மாலையே என் காதுக்கு வந்தது. அந்த மாதக் கணக்கில் ஒரு சதம் பிசகவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் ஃப்ரீலாண்டை ஆதரிக்கிறாய் என்றால், முதலில் அடித்தது அமெரிக்கா. திருப்பி ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் அந்த வரி இன்னும் எத்தனை வருடம் கிடந்திருக்குமோ.

அப்புறம், 2024 டிசம்பர் 16 அன்று நிதி அமைச்சராக அறிக்கை வாசிக்க வேண்டிய நாளில் பதவி விலகி, பிரதமராக இருந்த ட்ரூடோவின் முதுகில் குத்தினார் என்கிறீர்கள். 25 சதவீத வரி வரப்போகிறது, காசை வீணாக்காமல் சேர்த்து வையுங்கள் என்று கடிதத்தில் எழுதிவிட்டுப் போனார், வரியும் வந்தது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கட்சித் தலைமைத் தேர்தலில் 8 சதவீதம்தான் எடுத்தார், மறுபடி அமைச்சராகி 2025 செப்டம்பரில் அதையும் விட்டுப் போனார். சரி, தோற்றார். தோற்றதால் 2018 நடக்காமல் போய்விடுமா?

ஞாயிற்றுக்கிழமை பேசிய அதே அண்ணன் போன வருடம் மண்டப வாடகை கூடியதற்கு மேசையில் அடித்துக் கத்தினார். அதை உறுதி என்று பாராட்டினீர்கள். நான் அங்கேதான் இருந்தேன்.

2019 மே மாதம் உருக்கு வரி இரண்டு பக்கமும் நீங்கியது. நிறுத்திய மூவரில் இருவரைத் திரும்ப எடுத்தார்கள், மற்றவர் அதற்குள் வேறு ஊருக்குப் போயிருந்தார். தொலைபேசி எடுத்து அவர்களிடம் சொன்னது நான். அப்போதும் என் குரல் உடைந்தது.