சொந்தமாக ஒன்றையும் காணவில்லையாம்

வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் யாழ்ப்பாணத்து விழா மேடையில் எங்கள் ஐரி (கணினித் துறை)ப் பிள்ளைகளைப் பற்றிப் பேசிய அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். சித்தப்பா அனுப்பினார், பள்ளிக்கூடக் குரூப்பில் இரண்டு பேர் போட்டார்கள், ஒருவர் கைதட்டும் பொம்மையும் சேர்த்துப் போட்டார். பேசியவர் யார், எங்கிருந்து வந்தவர் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பெயர் எழுதி அவருக்கு மேலும் விளம்பரம் குடுக்கிற எண்ணம் எனக்கில்லை.

"இஞ்சத்தை ஐரிப் பிள்ளையள் ஆற்றையோ வேலையை வாங்கிச் செய்து குடுத்துக்கொண்டிருக்கினம், சொந்தமா ஒண்டையும் காணேல்லை." இதுதான் அவர் சொன்னது. மண்டபம் கைதட்டியது. அவரைக்கூட விட்டுவிடலாம். அந்தக் கைதட்டலை என்னால் விட முடியவில்லை. தட்டியவர்களில் எத்தனை பேரின் வீட்டில் கரண்ட் பில்லும் தம்பியின் ரியூசன் காசும் இந்த "ஆற்றையோ வேலை"யில்தான் கட்டுப்படுகிறது என்று எனக்குத் தெரியும். சிலரின் பிள்ளைகள் எனக்குப் பக்கத்து மேசை.

சரி, ஆற்றையோ வேலைதான். தொழில்நுட்ப ஆலோசனைக் கம்பனி என்றால் அதுதானே தொழில். அப்புக்காத்தும் ஆற்றையோ வழக்கைத்தான் பேசுகிறார். "உமக்குச் சொந்தமா ஒரு வழக்கில்லையே" என்று அவரை மேடையில் வைத்து யாரும் கேட்பதில்லை. பொன்னாடை போர்த்துகிறார்கள்.

நாங்கள் என்னதான் செய்கிறோம் என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். இங்கிலாந்தில் ஒரு காப்புறுதி முகவர் நிறுவனம். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: பொலிசி புதுப்பிக்கிற ஸ்க்ரீன் மெதுவாக இருக்கிறது, வேகமாக்கித் தாருங்கள். எங்கள் டெவலப்பர்மார் டேற்றாபேஸைக் கிண்டத் தொடங்கிவிட்டார்கள். நான் பிசினஸ் அனலிஸ்ற், அதாவது வாடிக்கையாளருக்கு உண்மையில் என்ன தேவை என்று கண்டறிகிறவள். அந்த ஸ்க்ரீனில் நாள் முழுக்க வேலை செய்கிற ஒரு வயதான அம்மாவிடம், "வழமையாகச் செய்வதை அப்படியே செய்து காட்டுங்கோ, நான் குறுக்கே பேசமாட்டேன்" என்று கேட்டுக்கொண்டு பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வாடிக்கையாளரிலும் ஒரு இடத்தில் கையை நிறுத்துவார், தலையை இடப்பக்கம் திருப்புவார், பிறகு தட்டச்சு செய்வார். இடப்பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு ஒரு கொப்பியைத் தூக்கிக் கமெராவுக்குக் காட்டினார். பொலிசியைப் புதுப்பித்தவுடன் போன வருடம் பேசிக் குறைத்துக் குடுத்த தொகையைப் பழைய சிஸ்டம் அழித்துவிடும். அவர் வருடா வருடம் அதைக் கையால் எழுதி வைத்திருக்கிறார். கொப்பி இல்லாத மற்றவர்கள் அந்தத் தொகையைத் தேடிப் பழைய கடிதங்களைத் திறந்து திறந்து மூடுகிறார்கள். அவர்கள் "மெதுவாக இருக்கிறது" என்று சொன்னது அதைத்தான்.

போன வருடத் தொகையைக் காட்ட ஒரு சின்னப் பெட்டி போட்டுக் குடுத்தோம். ஸ்க்ரீனின் வேகம் முன்னைப் போலவேதான் இருந்தது. மெதுவாக இருக்கிறது என்று பிறகு ஒருவரும் சொல்லவில்லை.

இதுதான் ஐயா எங்கள் வேலை. கேட்டதைச் செய்து குடுப்பதல்ல, கேட்காததைக் கண்டுபிடிப்பது. இதைச் செய்தது ஸ்ரான்லி வீதியில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருக்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள். அந்த இங்கிலாந்து நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதினால் நாளைக்கு எனக்கு வேலையில்லை, இரகசியக் காப்பு ஒப்பந்தம் அப்படி. செய்த வேலையை எங்கள் வேலை என்று சொல்லவே விடமாட்டார்கள். அதனால்தான் "காணேல்லை".

"அப்ப புறொடக்ற் வேண்டாம் எண்டு சொல்லுறியளோ?" என்று கேட்க ஆள் இருக்கிறது. புறொடக்ற் என்றால் சொந்தமாகச் செய்து விற்கிற மென்பொருள். எங்கே சொன்னேன்? புறொடக்ற் வானத்தில் இருந்தா விழுகிறது? மின்னஞ்சல் விளம்பரம் அனுப்புகிற மெயில்சிம்ப் தெரியும்தானே, அதை இன்ருயிற் என்ற அமெரிக்க மென்பொருள் கம்பனி 2021இல் 12 பில்லியன் டொலருக்கு வாங்கியது. அது தொடங்கும்போது மற்றவர்களுக்கு இணையத்தளம் செய்து குடுக்கிற ஒரு சின்ன நிறுவனத்தின் பக்கத்து வேலை. குழு வேலைகளை ஒழுங்குபடுத்துகிற பேஸ்கேம்ப் மென்பொருளை 2004இல் வெளியிட்டவர்களும் அதேபோல வாடிக்கையாளருக்கு வெப் டிசைன் செய்துகொண்டிருந்தவர்கள்தான். 1972இல் ஐபிஎம்மை விட்டு வெளியே வந்த ஐந்து பேர் ஒரு வாடிக்கையாளரின் கணக்கு வழக்கைக் கணினியில் ஏற்றப் போய்த்தான் எஸ்ஏபி என்ற பெரிய ஜெர்மன் மென்பொருள் கம்பனி உண்டானது. ஆற்றையோ சிக்கலுக்குள் வருடக்கணக்காகக் கிடந்தவனுக்குத்தான் எதை விற்கலாம் என்று தெரியவரும். இதை மேடையில் சொல்லியிருந்தால் கைதட்டு விழுந்திருக்காது, அது வேறு கதை.

அடுத்தது, "கம்பனி மணித்தியாலத்துக்கு டொலரில வாங்கி உங்களுக்கு ரூபாயில குடுக்குது, அது சுரண்டல் இல்லையோ?" நியாயமான கேள்வி. ரைம்சீற்றில் கால் மணித்தியாலத்துக்கும் கணக்குக் குடுக்கிறோம். வேலைக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று நாங்கள் சொல்கிற எஸ்ரிமேற்றைப் பாதியாக வெட்டிக் கிளையன்ற்றிடம் விற்பவர் ஒருவர், இரவிரவாக இருந்து அதை முடிப்பவர் இன்னொருவர். புறொஜெக்ற் இல்லாமல் பெஞ்சில் இருக்கிற பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே ஏலாது. நேற்றுச் சேர்ந்தவனை அனுபவசாலி என்று எழுதி அனுப்புவதும் நடக்கிறது. எல்லாம் எனக்குத் தெரியும், இன்னொரு நாள் எழுதுகிறேன். ஆனால் அந்தச் சண்டை நாங்கள் பிடிக்க வேண்டியது. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து போகிறவர் அதற்குள் வரத் தேவையில்லை.

உடனே "இவளுக்கு வெளிநாட்டுத் தமிழர் எண்டால் பிடிக்காது" என்று தொடங்காதீர்கள். என் முதல் லப்ரொப் கனடாவில் இருக்கிற மாமா வாங்கித் தந்தது. நன்றி மறக்கவில்லை. ஆனால் அந்த மாமாவும் அங்கே ஆற்றையோ வங்கியில்தான் வேலை செய்கிறார். சொந்தமாக வங்கி திறக்கவில்லை. அவரை ஒருவரும் கேட்கவில்லையே!

2022 பொருளாதார நெருக்கடியை மறந்துவிட்டீர்களா? மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை. ஓப்பீசுக்கு வரப் பெற்றோல் இல்லை. கரண்ட் இருக்கிற ஊராகப் பார்த்து லப்ரொப்பைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் அலைந்தார்கள் எங்கள் பெடியள். கிளையன்ற்றுக்கு வேலை போய்ச் சேர்ந்தது. 200 ரூபாயில் நின்ற டொலர் 360 வரை போன அந்த நேரத்தில் நாட்டுக்குள் டொலரைக் கொண்டுவந்த தொழில்களில் எங்களுடையதும் ஒன்று. அப்போது எல்லோருக்கும் நாங்கள் "எங்கடை பிள்ளையள்". அரசாங்கம் காட்டிய நன்றியையும் சொல்லிவிடுகிறேன்: 2025 ஏப்ரலில் இருந்து, தனியாளாக வெளிநாட்டுக்குச் சேவை செய்து டொலரில் எடுப்பவருக்கு வருமானவரி உச்சம் 15 வீதம். அதே வெளிநாட்டு வேலையைக் கம்பனிக்குள் இருந்து செய்து ரூபாயில் சம்பளம் எடுக்கிறவருக்கு உச்சம் 36 வீதம். இதற்கு ஒரு கூட்டம் வைத்தால் நானும் வந்து கைதட்டுவேன்.

பெண் பிள்ளைகளின் கதையை அந்த மேடையில் ஒருவரும் தொடக்கூட இல்லை. லண்டனில் பின்னேரம் 4 மணி மீற்றிங் என்றால் எங்களுக்குக் கோடையில் இரவு 8.30. ஒக்டோபர் கடைசியில் அவர்கள் மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பியவுடன் 9.30. முடித்துக்கொண்டு ஸ்கூட்டியில் பலாலி வீதியால் வந்தால் கோண்டாவிலில் நாய்கள் துரத்தும். நாய்கள் பரவாயில்லை, உரும்பிராய்ச் சந்தி தாண்டினால் அயல் விழித்திருக்கும். "உந்த நேரத்தில என்ன வேலையாம்?" அம்மா எத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருப்பா. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. போன கிழமை அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டா: "பிள்ளை, நீ செய்யிறது நல்ல வேலைதானே?"

அதே மண்டபத்தில் பின்வரிசையில் இருந்த, உயர்தரம் (ஏ.எல்.) படிக்கிற ஒரு பிள்ளையும் எனக்கு இன்பொக்சில் எழுதியிருந்தா. தொழில்நுட்பப் பிரிவு படிக்கிறாவாம். "அக்கா, அப்ப ஐரி செய்து பிரயோசனமில்லையோ?" ஒரு மனிசன் பத்து நிமிசத்தில் செய்துவிட்டுப் போன வேலை இது. அந்தப் பிள்ளையையும் தாயையும் ஓப்பீசுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், வந்து பார்க்கட்டும்.

விழாக் குழுவுக்கு ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை விமானச்சீட்டுச் செலவு வேண்டாம், மாலை வேண்டாம். உள்ளூரில் வேலை செய்கிற ஒரு பிள்ளைக்கு அரை மணித்தியாலம் தாருங்கோ. வரவேற்புரையும் நன்றியுரையும் தந்து ஏமாற்றாதேங்கோ. புறொஜெக்ரரை நானே கொண்டு வாறன்.