மெக்கானிக்கைக் கண்டால் நல்ல பிள்ளை

இன்று காலையும் அதே கூத்து. நெல் மூட்டைகளை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினால், என் 1994ஆம் ஆண்டு டீசல் கெப் (பின்னால் சாமான் ஏற்றும் பிக்கப் வண்டி) கிழவன்போல இருமிவிட்டு அடங்குகிறது. பொனட்டைத் திறந்து, டீசல் ஃபில்டர் தலையிலுள்ள, டீசலை இழுத்துக் குழாயை நிரப்பும் கைப்பம்பை அமுக்க வேண்டும். முதலில் பஞ்சுபோல மெத்தென்று இறங்கும். முப்பது தடவை அமுக்கிய பிறகுதான் கல்லாக இறுகும். அதற்குள் உள்ளங்கை சிவந்துவிடும்.

சரியென்று கராஜுக்குக் கொண்டுபோனால்? மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் மாப்பிள்ளை ஊர்வலம்போல மிதந்து செல்கிறது! மெக்கானிக் சாவியைத் தொட்டதும் ஒரே சுழற்சியில் ஸ்டார்ட். "வண்டி தங்கமாக இருக்கிறதே அண்ணன்" என்கிறார். ஓடிவந்த சூட்டோடு, குழாய் நிறைய டீசலோடு நிற்கிற வண்டி வேறென்ன செய்யும்? இரவு முழுக்க நிறுத்தினால்தானே எங்கேயோ காற்றுப் புகுந்து, டீசல் தாங்கிக்குத் திரும்பி ஓடுகிறது!

காத்தான்குடியில் ஒருவர், குளிர்ந்த இன்ஜினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் என்றார், நான்கையும் மாற்றினேன். களுவாஞ்சிக்குடியில் ஒருவர் பற்றரி என்றார், அதையும் மாற்றினேன். மூன்றாமவர் இன்ஜெக்டரைக் கழற்றிப் பூட்டினார். மைத்துனர் கண்ணூறு என்று எலுமிச்சம்பழம் கட்டினார். (ஆறு கை மாறிய வண்டிக்குக் கண்ணூறாம்!) நேற்று, தாங்கிக்குப் பக்கத்தில் வெடித்துப்போன றப்பர்க் குழாய் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். சாண் நீளம்கூட இல்லை. அதற்கா இத்தனை செலவு? போகட்டும், முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

இப்போது மணி எட்டரை. பம்பு மறுபடியும் பஞ்சாக இறங்குகிறது. நெல் மூட்டைமேல் காகம் உட்கார்ந்திருக்கிறது.