இருபது விநாடியைப் பார்த்துவிட்டுக் குப்பை என்று சொல்லாதீர்கள்

இரண்டு நாளாக அந்தத் துண்டு வீடியோதான் எல்லோர் பக்கத்திலும் சுற்றுகிறது. ஆலிஸ் என்ற சிறுமி ஒரு மாய உலகத்துக்குள் போய் மாட்டிக்கொள்ளும் கதையை வைத்து 1985இல் வந்த ‘ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்’ படத்தில் வெள்ளை ராணியாக வரும் கரோல் சானிங் ஜாம், ஜாம் என்று பாடி, கடைசியில் ஆடாக மாறிக் கத்துவாரே, அதுதான். ‘நட்சத்திரங்களைக் கொட்டி எடுத்த குப்பை’ என்று மேலே ஒரு வரி, கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஜாம், அந்த ராணி பேசிக்கொண்டே ஆடாவது, எல்லாமே லூயிஸ் கரோல் 1871இல் எழுதிய இரண்டாம் ஆலிஸ் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. இயக்குநருக்குப் பைத்தியம் என்று எழுதியவர்கள் புத்தகத்தைத் தொட்டிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் டிசம்பர் 9, 10 என்று இரண்டு இரவுகளாக வந்த படம் அது. மூன்று மணி நேரப் படத்தை இருபது விநாடியில் எடைபோடுவது என்ன நியாயம்?

மூன்று வருடம் முன்பு மகளுக்கு அம்மை போட்டிருந்தது. அப்போது அவளுக்கு ஏழு வயது. பள்ளி இல்லை, வெளியே போக முடியாது, வேப்பிலைக் கொத்தை வைத்துக்கொண்டு சொறியாமல் தடவிக்கொண்டே படுத்திருப்பாள். மடிக்கணினியில் இந்தப் படத்தைப் போட்டேன். முதல் பாகத்தின் முடிவில் ஆலிஸ் வீட்டுக்கு வந்துவிட்டதாக நினைத்து ஓடுகிறாள். வீட்டில் யாருமே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள், இவள் கத்துவது அவர்களுக்குக் கேட்கவில்லை. என் மகள் வேப்பிலையைக் கீழே போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவ அம்மாவுக்கு ஏம்மா கேக்கல?” என்றாள். அந்தப் பிடி இன்னும் என் கையில் இருக்கிறது.

ஆலிஸாக நடித்த நடாலி கிரெகரி நிஜமாகவே சின்னக் குழந்தை. இதே கதையை 1933இல் எடுத்த படத்தில் வளர்ந்த பெண்தான் ஆலிஸ், 2010இல் எடுத்த படத்தில் கதையே பத்தொன்பது வயதுப் பெண்ணுடையது. குழந்தையின் பயத்தைக் குழந்தை முகத்தில் பார்ப்பது வேறு.

‘பெரிய ஆட்கள் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிறார்கள்’ என்கிறீர்கள். அமெரிக்கப் பாடகரும் ஆட்டக்காரருமான சாமி டேவிஸ் ஜூனியர் மூன்று வயதில் மேடை ஏறியவர். அவர் கம்பளிப்பூச்சியாக வந்து ஆடும் ஆட்டமா தலையைக் காட்டுவது? 1933இல் கேரி கூப்பர், கேரி கிராண்ட் என்று பெரிய நடிகர்களைக் கூட்டி வந்தார்கள், ஆனால் பலரை வேஷத்துக்குள் அடையாளமே தெரியாமல் அமுக்கிவிட்டார்கள். இதில் முகம் தெரிகிறது. பீட்டில்ஸ் இசைக்குழுவின் ரிங்கோ ஸ்டார் ஆமையாக வருகிறார், லாயிட் பிரிட்ஜஸ் வெள்ளைக் குதிரைவீரன், அவர் மகன் பியூ பிரிட்ஜஸ் ஒற்றைக்கொம்புக் குதிரை. இத்தனை பேரும் ஒரு சின்னப் பெண்ணோடு ஆடிப்பாட வந்தார்கள் என்பதே எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, உடைகள் சாதாரணம்தான். ஸ்டீவ் ஆலன் எழுதிய பாட்டுகளில் சில மனதில் நிற்காதவைதான். ஒப்புக்கொள்கிறேன்.

ஜாபர்வாக்கி அரக்கன் ரப்பர் பொம்மை மாதிரி இருக்கிறதாம். புத்தகத்தில் அது வெறும் பாட்டு, ஆலிஸ் கண்ணாடியில் பிடித்துப் படிப்பது. இந்தப் படத்தில் அது அவளுடைய சொந்தப் பயத்திலிருந்து வருகிறது. சீக்கிரம் பெரியவளாகிவிட வேண்டும் என்று ஆசைப்படும் குழந்தைக்கு வரும் பயம். அதை எழுதிக் காட்டியவர்களைப் பார்த்தா சிரிக்கிறீர்கள்?

இதை நேற்று அந்த வீடியோ பதிவின் கீழே மரியாதையாகத்தான் எழுதினேன். ‘அம்மாக்களுக்கு எதைப் பார்த்தாலும் அழுகை வரும்’ என்று பதில் வந்தது, அதற்கும் நாற்பது பேர் சிரித்திருந்தார்கள். அதில் பத்துப் பேராவது எனக்குத் தெரிந்தவர்கள், என் வீட்டில் சாப்பிட்டவர்கள். ஒரு படம் பிடிக்கவில்லை என்றால் சொல்லுங்கள், யார் தடுத்தார்? பிடித்தவர்களை ஏன் அடிக்கிறீர்கள்? குழந்தைக்காகச் செய்த எதையும் கேலி செய்தால்தான் நாம் பெரியவர்கள் என்று யார் சொல்லிக்கொடுத்தது?

பதிவை எடுக்கச் சொல்லவில்லை. முதல் பாகத்தின் கடைசிப் பத்து நிமிடம், அதை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். அப்புறம் பேசலாம்.