வெற்றிலைப் பையும் சதவீதக் கணக்கும்
வாய்ப் புற்றுநோயில் எத்தனை சதவீதம் புகையிலையால், எத்தனை சதவீதம் மதுவால் என்று உங்கள் கட்டுரை சொல்கிறது. இரண்டையும் கூட்டினால் 100 சதவீதத்தைத் தாண்டுகிறதே என்று அதைப் படித்த என் தம்பி கேட்டான். தாண்டலாம், தப்பில்லை. இரண்டும் சேர்ந்து வரவழைத்த நோயை இரண்டு பக்கமும் எண்ணுகிறோம். எதை விட்டிருந்தாலும் அது வந்திருக்காது.

ஊரில் வரும் நோயில் எத்தனை பங்கு ஒரு பழக்கத்தால் என்று சொல்ல, நோய்ப்பரவல் ஆய்வாளர் லெவின் 1953இல் ஒரு கணக்கு தந்தார். அதற்கு இரண்டே விஷயம் போதும்: எத்தனை பேருக்குப் பழக்கம், பழக்கம் இல்லாதவரைவிட அவர்களுக்கு ஆபத்து எத்தனை மடங்கு. ஆபத்து 5 மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் பாதிப்பேர் புகையிலை மென்றால் நோயில் 67 சதவீதம் அதனால்தான். 10 சதவீதம் பேர் மட்டும் மென்றால் அது 29ஆக இறங்கிவிடும். மெல்லுகிறவருக்கு ஆபத்து இரண்டு ஊரிலும் ஒன்றுதான்!

என் அப்பத்தாவின் சுருக்குப்பையில் வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றும் இருக்கும். கன்னத்துக்குள் வெள்ளைத் திட்டு வந்த பிறகும் அவர் விடவில்லை. அவருக்கு வந்தது எதனால் என்று இந்தக் கணக்கு சொல்லாது, ஊருக்குத்தான் சொல்லும். கட்டுரையில் இதை ஒரு வரியாவது சேருங்கள்.